ஆள் மேலே

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
ஞாயிறு, கோயிலிலிருந்து வந்த கையோடு.

அன்பு மகள் குளோரியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் என் முட்டிவலியும் இங்கே சௌக்கியம். அதே கிருபையில் டப்ளினில் நீயும் மாப்பிள்ளை சரவணனும் சின்னக்குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னடி இது, வீடியோவில் தினம் முகம் பார்க்கிறவள் புதிதாகக் காகிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், உன் நர்ஸம்மா அதட்டலில் நான் சொல்ல வந்ததை முழுங்கிவிடுவேன். கடிதத்தில் நடுவில் பேச முடியாது பார், அதனால்தான். வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டாய் அல்லவா, இதுதான் அந்தப் பதில். ஆனால் அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், வரிசையாகப் படி.

போன வருஷம் நான் பாத்ரூமில் விழுந்து, யாரும் பார்க்காமல் இரண்டு மணி நேரம் கிடந்ததிலிருந்துதான் உனக்கு இந்தப் பயம் பிடித்தது. தப்பே இல்லை, எனக்கும் பிடித்தது. உன்னிடம் நான் சொல்லாதது என்னவென்றால் அதற்கு முன்பே, உன் அப்பா போன நாளிலிருந்தே, நான் ஒருமாதிரிதான் இருந்தேன். கோயில் உண்டு, வீடு உண்டு. நம் கிராஸ் தெருவில் யார் வந்தார் யார் போனார் என்றே தெரியாது. டென்சில் அங்கிள் எதிர்வீட்டிலிருந்து குட்மார்னிங் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்படி இருந்தவளைத்தான் இந்த யாமினி வந்து கெடுத்தாள். மூன்றாவது வீட்டுக்குப் புதிதாக வந்த பெண், காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள், வாய் ஓயாது. நம் கிராஸில் ஒன்பது வீடும் சேர்ந்து மொட்டை மாடியில் சோலார் போட்டுக்கொள்ளலாம், வருகிற கரண்டைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் கரண்ட் எங்கே ஓட்டையாகப் போகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும் என்றாள். டென்சிலுக்குச் சிரிப்பு. இன்னா மேன், அதான் கரண்ட் ஃப்ரீயா வருதே, அடைச்சு இன்னா பண்ணப் போறோம் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பீன்யா ஃபேக்டரியில் பதினைந்து வருஷம் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றின கை இது. ஓசியில் வந்தால் சோற்றைச் சாக்கடையில் கொட்டுவீர்களா டென்சில் என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், யாமினி என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆன்ட்டி நீங்கதான் செக்கிங் ஆபீசர் என்று.

அதற்கப்புறம் என் அட்டகாசத்தைக் கேளேன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். டென்சில் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தினேன், அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. கதவு ரப்பர் செத்து எத்தனை வருஷமோ, தெருவையே குளிர வைக்கிறீர்களா என்று பிடித்துக்கொண்டேன். அவர் வீட்டம்மா மௌரீன் காலையில் போட்ட கீசரை மத்தியானம்தான் அணைப்பாள், அவளையும் விடவில்லை. நான் வருகிறேன் என்றால் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார்கள், பாவம். மைன்ஸில் மேற்பார்வை கேப்டன் வருகிறார் என்றால் பீடியை மறைப்பார்களாம், உன் அப்பா சொல்வாரே, அந்த மாதிரி. கோலார் தங்கவயலில் நம் லைன் வீடு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. எண்ணி ஒரு ரூம், ஒரு அடுப்படி, ஆனால் கம்பெனி கரண்ட். குடியாத்தம் பக்கத்திலிருந்து என் பெரியம்மா முதல்முறை வந்தபோது சாப்பிடக்கூட மறந்து பல்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறும். அடுத்த சங்கு வரைக்கும் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பல்பு எரியும், சுரங்கத்துக்குக் கீழே இறங்கினவன் வீட்டுக்கு வருகிறவரை. அணைத்தால் அபசகுனம் என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் அணைத்தவளும் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். கடைசியாக நம் வீட்டுக்குச் செக்கிங். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் வீடு, பளிச்சென்று இருக்கும் என்று மெதப்பாக உட்கார்ந்திருக்கிறேன். யாமினி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஆன்ட்டி, எல்லாம் ஆஃப், ஆனா மீட்டர் மினுக்கிட்டே இருக்கே என்றாள். வாசல் பல்புதான். அறுபது வாட் குண்டு பல்பு, பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கிறது. வெயிலில் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, எனக்கும் மனத்தில் நிற்பதில்லை. எத்தனை நாளா ஆன்ட்டி என்று கேட்டாள். பதினோரு வருஷமாக என்று எந்த வாயால் சொல்வேன்? ஸ்விட்ச் இறுகிப்போய்விட்டது, அணைக்க வரவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குகிற நாக்கு.

பொய் சொன்ன பலன் மறுநாளே வந்தது. டென்சில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்து நிற்கிறார், என் ஃப்ரிட்ஜை நீ பார்த்தே, உன் ஸ்விட்சை நான் பார்க்கறேன் மேன் என்று. நான் தடுப்பதற்குள் காலண்டரைத் தூக்கிவிட்டார். அதன் பின்னால்தான் ஸ்விட்ச், அதன்மேல் அந்தச் சிவப்புத் தகரத் தகடு. நீ லீவில் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து அப்பாவுக்கு இன்னும் மைன்ஸ் மயக்கம் தெளியவில்லை என்று சிரிப்பாயே, அதேதான். டென்சிலுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. யாமினியைக் கூப்பிட்டார். அவள் வந்து படித்தாள், ஆள் கீழே. படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, யார் ஆன்ட்டி கீழே இருக்காங்க என்று கேட்டாள்.

குளோரி, நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு இதை அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. மைன்ஸில் கேபிள் ரிப்பேருக்கு உன் அப்பா மாதிரி எலெக்ட்ரீஷியன் கீழே இறங்கினால் மேலே மெயின் ஸ்விட்சில் அந்தத் தகடு தொங்கும். தொங்குகிறவரை மேனேஜரே வந்தாலும் ஸ்விட்சில் கை வைக்க முடியாது. இறங்கினவன் மேலே வந்து, ஆள் மேலே என்று சத்தமாகச் சொன்னால்தான் தகட்டை எடுப்பார்கள். மைன்ஸ் மூடின அன்று உன் அப்பா டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தது அது ஒன்றைத்தான். உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோமே, அன்றைக்கு அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பெட்டியைத் திறந்து தகட்டை எடுத்து வாசல் பல்பு ஸ்விட்சில் மாட்டினார். பொண்ணு ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கு, ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்றார். நீ லீவில் வந்தபோது எடுத்துவிடலாமா என்று கேட்டேன். போடி, இது டிபன் பிரேக், ஷிஃப்ட் முடியல என்று அதட்டினார். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதே பதில். அப்புறம் நான் கேட்கவில்லை, கேட்க அவரும் இல்லை.

இவ்வளவையும் அழுதுகொண்டே அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். டென்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனார், கால் மணி நேரத்தில் ஒன்பது வாட் எல்.ஈ.டி. ஒன்றோடு வந்தார். ஸ்விட்சை நான் தொடல மேன், பல்பை மட்டும் மாத்தறேன் என்றார். வெந்நீர் போட்டே ஊரைக் கெடுத்த வீட்டு மனுஷனுக்கு எவ்வளவு நல்ல மனசு பார்.

இப்போது பதிலுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி. நம் கிராஸில் தடையில்லாமல் வெயில் விழுகிற மாடி நம்முடையது ஒன்றுதான். மற்ற மாடிகளில் பாதி நாள் அந்தப் புது நாலு மாடிக் கட்டடத்தின் நிழல். நம் மாடி கிடைக்கவில்லை என்றால் ஒன்பது வீட்டுக்கும் சோலார் இல்லை. கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்தும் போட்டுவிட்டேன், அது என் தப்பு. இருபது வருஷ ஒப்பந்தம். முடியும்போது எனக்கு எண்பத்தெட்டு. அதற்குள் கர்த்தர் கூப்பிட்டால், ஆண்டவரே அக்ரிமெண்ட் இருக்கிறது, கொஞ்சம் பொறும் என்று சொல்ல வேண்டியதுதான். பலகைகளை ஏற்றியாகிவிட்டது. நீ பி.யு.சி. பரீட்சைக்குப் பாயை விரித்துப் படித்த இடத்தில்தான் முதல் பலகை நிற்கிறது. நீ மை கொட்டின கறை இன்னும் தரையில் இருக்கிறது, அதன்மேல் கம்பி நடாதே என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.

உன் பயத்துக்கும் பதில் இருக்கிறது. சோலார் மீட்டர் இப்போது நம் வீட்டுக்குள் இருக்கிறதால் தினம் காலை ஏழரைக்கு ஒருவர் கணக்கு எழுத வருகிறார். திங்கள் யாமினி, செவ்வாய் மௌரீன், இப்படி முறை போட்டிருக்கிறார்கள். அது போனிலேயே தெரியும் மீட்டர் என்று மாப்பிள்ளை சொல்வார், எனக்கும் தெரியும். அவர்கள் வந்து பார்ப்பது மீட்டரை இல்லை. வரட்டும், ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுக்கிறேன்.

யார் கீழே இருக்கிறார்கள் என்று யாமினி கேட்டதை நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். நீ மூன்றாவது மாடி வார்டில் வேலை பார்க்கிறாய், சொந்தமாக வீடு வாங்கிவிட்டாய், பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறாள். உன்னை நான் பதினோரு வருஷமாக எங்கேயோ இருட்டில் இறங்கினவளாக நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறேன். நீயும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறாய், நான் விழுந்த அன்று அது உண்மையும்கூட. அதனால் போன திங்கட்கிழமை, பலகையிலிருந்து முதல் கரண்ட் வந்ததும் எல்லாரும் கை தட்டினபோது, நான் வாசலுக்கு வந்து தகட்டைப் பார்த்து ஆள் மேலே என்று சொல்லிவிட்டேன். டென்சில் காதில் விழுந்திருக்கும்.

ஆனால் தகட்டை எடுக்கவில்லை. இரண்டு பேர் இறங்கியிருந்தால் இரண்டு பேரும் குரல் கொடுக்க வேண்டும், அதுதான் மைன்ஸ் சட்டம். உன் அப்பா வைத்ததை நான் மீற முடியாது.

சின்னக்குட்டிக்கு வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வை. வெயில் இல்லாத ஊர், வைட்டமின் மாத்திரையை மறக்காதே. மாப்பிள்ளையிடம் வீட்டு விஷயத்தைப் பக்குவமாகச் சொல். கோபம் இருந்தால் என்னோடு போனில் சண்டை போடு, கேட்டுக்கொள்கிறேன். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சண்டை முடிந்ததும் அந்த இரண்டு வார்த்தையை உன் வாயால் சத்தமாகச் சொல். போனைத் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேலே வந்துவிட்ட உன் அம்மா,
ஹெலன் பால்ராஜ்