கிண்ணம் நிறைய டேன்டேலியன் தேநீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கொச்கோர் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லோரும் சுகம். நீ படுத்திருந்த இடத்தில் உன் மருமகன் பெக்தூர் மேசை போட்டுவிட்டார்.

நேற்று பிஷ்கெக் சந்தையில் டேன்டேலியன் வேர் வாங்கி, வறுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கல்லீரலுக்கு நல்லது. கொதிக்கவைத்து, வெறும் வயிற்றில் குடி.

அன்று உனக்கு ஊற்றியபோது கிண்ணம் விளிம்புவரை நிறைந்துவிட்டது. விருந்தாளிக்குப் பாதிதான் ஊற்றுவோம், நிறைத்துக் கொடுத்தால் கிளம்பச் சொல்வதாக அர்த்தம் என்பது நம் குழந்தைகளுக்கும் தெரியும். நீ கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மருந்தும்மா, நிறையத்தான் குடிக்கணும்" என்றேன்.

"அதுக்கென்னடி, குடிச்சிட்டாப் போச்சு."

ஒரே மூச்சில் குடித்தாய். ரொம்பக் கசக்கிறதா என்று கேட்டேன்.

"ஆடு குட்டி போடுற நேரம். நான் ஊருக்குப் போகணும்" என்றாய்.

இலையுதிர் காலத்தில் எந்த ஆடு குட்டி போடும்? நான் கேட்கவில்லை. பெக்தூர் உன் மூட்டையைப் பேருந்துவரை சிரித்த முகத்தோடு சுமந்து வந்தார்.

நேற்று வேர் விற்பவளிடம் அளவு கேட்டேன். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் போதும் என்றாள்.

போன தடவையும் அதையேதான் சொன்னாள், அம்மா.

உன் மகள்