தட்டு அடிக்காத இடம்

கள்ளக்குறிச்சி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கோகிலவாணிக்கு,

உன் புருஷன் அறிவுச்செல்வன் எழுதுகிறேன். நானும் நம் பாப்பா தேவதர்ஷினியும் அத்தையும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் போனில் சொல்வதையேதான் சொல்வாய். அமிர்தம் அக்கா லீவு முடிந்து நாளைக்குக் குவைத் திரும்புகிறார். அவர் பெட்டியில் உனக்குப் புளியும் மிளகாய்த்தூளும் வைத்து, கூடவே இதையும் வைக்கிறேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு இந்தக் காலத்தில் கடிதமா என்று அக்காவுக்கு ஒரே சிரிப்பு. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லி வைத்துவிடுகிறாய். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வண்டிச் சேதி. நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய பழைய ஸ்கூல் வேன் இப்போது ஓடுகிற மோட்டார் பட்டறை ஆகிவிட்டது. ஒரே ஒரு சீட்டைத் தவிர எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. வெல்டிங் முனியன் அண்ணன் ஒரு பக்கம் முழுக்க இரும்புத் தட்டு அடித்து ரேக் வைத்துக் கொடுத்தார். கீழே கனமான சாமான்கள், நடுவில் ஸ்பேனர்கள் தொங்க வரிசையாகக் கொக்கி, மேலே பேரிங், கெப்பாசிட்டர் டப்பாக்கள். டப்பாவின் மேல் பாப்பாதான் பெயர் எழுதி ஒட்டினாள். ஒரு ஸ்பேனருக்காகக் கடையையே தலைகீழாக்குவேனே, இப்போது பார்க்காமல் கையை நீட்டினாலே கிடைக்கிறது. நீ நம்ப மாட்டாய்.

முதல் தடவை கல்வராயன் மலை ஏறிய கதையை உன்னிடம் மறைத்துவிட்டேன். நாங்கள் சமவெளி ஆட்கள், தட்டு இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம். தட்டுக்கு விளிம்பு வைக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி ஏறி, முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பினேன். பாதிச் சாமான் கீழே. அடுத்த வளைவில் மீதியும் வந்து சேர்ந்தது. வார்னிஷ் டின் மூடி கழன்று, நீ அனுப்பிய நீலச் சட்டையின் மேல் அபிஷேகம். மேலே போனதும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இறங்கலாம் என்று கொக்கியில் மாட்டி வைத்திருந்தேன்! முனியன் அண்ணன் பார்த்துவிட்டு, மலை வண்டிக்குத் தட்டு ஆவாதுப்பா, தொட்டி மாதிரி இருந்தாதான் நிக்கும் என்று சொல்லி, எல்லாத் தட்டுக்கும் முன்னால் பட்டை வைத்து, கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தும் கொடுத்தார். இப்போது வெள்ளிமலை போய்த் திரும்பினாலும் ஒரு போல்ட்டு நகராது. சட்டைதான் போச்சு. திட்டாதே.

மலையில் வேலைக்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் மோட்டார் நின்றால் பைக்கில் கட்டிக்கொண்டு நம் கடைக்குத் தூக்கி வருவார்களே, இப்போது நானே போகிறேன். பேரிங், சீல் என்றால் அங்கேயே முடித்துவிடுகிறேன். உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக் காயில் எரிந்திருந்தால்தான் திண்டாட்டம், அது உன் வேலை. என் கை லட்சணம் உனக்குத் தெரியும். கரியாலூர்ப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிற இருசம்மாளுக்கு நான் கட்டிக் கொடுத்த காயில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உம் பொண்டாட்டி கட்டுனது அத்தினி வருசம் ஓடுச்சே, அது எப்ப வரும் என்று அந்த அம்மா கேட்டது. நான் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

இனி, போனில் உன்னிடம் பாதி சொன்ன அந்த ஒற்றைச் சீட்டு. ஜன்னல் ஓரத்தில் ஒன்றை மட்டும் கழற்றாமல் விட்டேன். அதற்கு முன்னால் பலகை போட்டு, நீ காயில் சுற்றுகிற மெஷினைப் போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறேன். தலைக்கு மேலே கம்பிச் சுருள் தொங்க ஒரு இரும்புத் தண்டு வைக்க வேண்டும், அதற்கு உன் கை எட்டுகிற அளவு வேண்டும். ஆளு இல்லாம இன்னாத்த வச்சி அளவு எடுக்கறது என்று முனியன் அண்ணன் கேட்டார். என் சட்டையின் இரண்டாவது பொத்தானில் விரலை வைத்து, இதுவரைக்கும் வருவாள் என்றேன். அவர் பட்டறையே சிரித்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த பாப்பா, நான் வேணா நிக்கிறேம்பா என்று என் முன்னால் வந்து நின்றாள். கோகிலா, அவள் தலை சரியாக அந்தப் பொத்தானில் வந்து நின்றது. நீ போனபோது என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவளையே சீட்டில் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, எட்டுகிற இடத்தில் அண்ணன் சாக்பீஸால் கோடு போட்டார்.

உன் அளவை உன் மகளிடம் எடுத்திருக்கிறோம். இன்னும் ரெண்டு வருஷம் போனால் அவள் உன்னைத் தாண்டிவிடுவாள். அப்புறம் யாரிடம் எடுப்பேன்?

வெள்ளிக்கிழமை நீ பேசியதற்கு வருகிறேன். நீ வேலை செய்கிற அந்த வீட்டில் மறுபடியும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றாய். பாத்திரம் தேச்சித் தேச்சி வெரலு மரத்துப் போச்சு, இனிமே கம்பி புடிக்க வராது, அந்த எடத்த இன்னாத்துக்கு சும்மா வுட்டுக்கினு, அங்கியும் தட்டு அடிச்சிக்குங்க என்றாய். உடனே சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டாய். உன் போனில் எப்போது சார்ஜ் இருக்காது என்று எனக்குத் தெரியாதா?

கம்பி பிடிக்க வராவிட்டால் போகிறது. எரிந்த காயிலைக் கீழே கொண்டுவந்து வேறு ஆளிடம் கட்டிக்கொள்கிறேன். நீ அங்கே சம்பாதிக்கிற மாதிரி இங்கே வராது, பொய் சொல்ல மாட்டேன். கூழோ கஞ்சியோ மூன்று பேரும் சேர்ந்து குடிப்போம், அத்தையோடு நான்கு பேர். அந்தச் சீட்டு காயில் கட்டுகிறவளுக்காக விட்டது இல்லை. மலை ஏறும்போது கண்ணாடியில் பார்த்தால் அதுதான் தெரிகிறது. காலியாகத் தெரிகிறது. வழியெல்லாம் ஹாரன் சத்தத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. எனக்கு நீ வேண்டும். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கும்போது போனில் இதை எப்படிச் சொல்வது?

பாட்டிலில் தேங்காய் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், படுக்கும் முன் விரல்களுக்குத் தடவு. நேரத்துக்குச் சாப்பிடு. நம் குலசாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கையெழுத்துப் போடாதே, கோகிலா.

அங்கேயும் தட்டு அடித்தே தீர வேண்டும் என்றால் அடித்துவிடலாம், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் என்று நீ வந்து, அந்தச் சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டிக் காட்டு.

வழி பார்த்திருக்கும்,
உன் அறிவுச்செல்வன்.