பூங்காவில் விரித்த பச்சைப் பாய்

ஏப்ரல் 7, திங்கள்

வீட்டுக்கு எதிரில் கட்டுகிற பார்க்கில் இன்று புல் போடுகிறார்கள் என்று காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. பத்து மணிக்கு லாரி வந்தது. மண் இறங்கும் என்று பார்த்தால் சுருட்டிய பாய் இறங்கியது. பச்சைப் பாய். நாலு பேர் தோளில் சுமந்து வந்து, காலால் உதைத்து உருட்டி விரித்தார்கள். பசை போட்டு ஒட்டினார்கள்.

நாலு மாடி இறங்கிப் போய்க் கேட்டேன். "இது எப்பப்பா வளரும்?"

ஒட்டுகிறவன் சிரித்தான். "வளராது பாட்டி. அதான் இதுல விசேஷமே. வெட்டவே வேணாம், தண்ணியும் ஊத்த வேணாம்."

கிள்ளிப் பார்த்தேன். பிளாஸ்டிக். பாத்திரம் தேய்க்கிற நார் இதைவிட மெத்தென்று இருக்கும்.

என் வீட்டுக்காரரிடம் போய் என்ன சொல்வேன்? பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். பேச்சு திரும்பியது, கை திரும்பியது, நடையும் வந்துவிட்டது. இடது பாதத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், இவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்லிவிட்டாள்: "வெறுங்கால்ல மண்ணு, புல்லுன்னு தினம் நடக்க விடுங்கம்மா. பாதத்துக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்." இங்கே எங்கே பார்த்தாலும் தார், சிமெண்ட். அந்தப் பார்க் ஒன்றைத்தான் நம்பி உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. போன வருஷம் ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை, பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். இஞ்சினியர் சாம்பல் சட்டை. பையில் இரண்டு பேனா, ஒன்றுக்கு மூடி இல்லை. எழுந்து நின்று கேட்டேன், நிஜப் புல்தானே என்று. தலையை ஆட்டினார். மரம் உண்டா? ஆட்டினார். சாய்ந்து உட்காருகிற பெஞ்சு? அதற்கும் ஆட்டினார். அன்றைக்கே தலையாட்டி என்று பெயர் வைத்தேன்.

இப்போது மரம் தொட்டியில் நிற்கிறது. பெஞ்சுக்கு முதுகு இல்லை. நீரூற்று வரும் என்றார்கள், அந்த இடத்தில் ஒரு உருண்டைக் கல் உட்கார்ந்திருக்கிறது. புல் பாயாகிவிட்டது.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், பார்க்கை வரைந்தது என் மருமகள். நகராட்சியில் வரைபடப் பிரிவில் வேலை. சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினாளே! ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தக் கோடெல்லாம் என்ன புரியும்? நடுவில் பச்சை இருந்தது. பச்சை என்றால் புல் என்று நம்பினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"பார்க்குக்குக் கீழ கார் நிறுத்துற இடம் அத்தை. மேல ஒரு சாண் மண்ணுக்கு மேல தாங்காது. அதுல புல்லு நிக்கணும்னா, தண்ணி ஊத்திக் கூடவே இருக்க ஆள் வேணும். ஆள் தரமாட்டேன்னுட்டாங்க."

"பாய் போடுன்னு கையெழுத்து போட்டது யாரு?"

அவள் தட்டைப் பார்த்தாள். "நான்தான் அத்தை."

மாமனார் காலைத் தினமும் பார்த்துக்கொண்டே போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 11

பேசவில்லை.

ஏப்ரல் 15

பேசவில்லை. டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். அது வேறு.

மகன் நடுவில் நின்றுகொண்டு, "அவ என்னம்மா பண்ணுவா, மேலதிகாரி சொன்னா கேக்கணுமில்ல" என்கிறான். இவன் ஒருத்தன். சின்ன வயதிலும் இப்படித்தான், இரண்டு பக்கமும் போய் உட்காருவான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரிப்பன் வெட்டினார்கள். கவுன்சிலர் பாயின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார். "எப்பவும் பச்சையா இருக்கும்" என்று மைக்கில் வேறு பெருமை. என் வீட்டுப் பிளாஸ்டிக் வாளியும்தான் எட்டு வருஷமாகப் பச்சையாக இருக்கிறது. அதற்கு யார் ரிப்பன் வெட்டினார்கள்?

ஏப்ரல் 26, சனி

எழுதியே ஆகணும்.

பதினோரு மணிக்கு அவர் கேட்டார், "ஒரு தடவை நடந்துதான் பாக்கறேனே." நானும் சரின்னேன். நான்தான் சரின்னேன். பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய், பாய் ஓரமாய் செருப்பைக் கழட்டி வெச்சேன். நாலு அடி. வலது கால் துள்ளுது – அடுப்பில் வைத்த மாதிரி. இடது கால் அப்படியே நிக்குது. அவருக்கு அது சுடறதே தெரியலை! வலது காலைத் தூக்கிக்கிட்டு, கனம் முழுக்க இடது கால்ல வெச்சுக்கிட்டு, "ஏன் இப்படி சுடுது?"ன்னு என்னையே கேக்கறார்.

இழுத்துக்கொண்டு வந்தேன். உள்ளங்கால் சிவந்து, சாயங்காலம் இரண்டு கொப்புளம். டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார். "நல்ல காலம், சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்க" என்றார். என்ன நல்ல காலம்?

மருமகள் கட்டைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

நகராட்சிக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டவள் பெயரையும் சேர்த்துத்தான். முதல் வரி எழுதும்போதே அவர் கட்டிலிலிருந்து, "அவ பேரை எழுதாதே" என்றார்.

"ஏன்? வேற யாராவதுன்னா எழுதலாம், மருமகள்னா எழுதக்கூடாதா?"

"என்னைக் கேட்டுட்டுத்தான் செஞ்சா. புல்லும் அதைப் பாத்துக்க ஆளும், இல்லைன்னா சுத்திலும் கைப்பிடியும் சாய்வுப் பாதையும். ரெண்டுல ஒண்ணுதான்னு மேல சொல்லிட்டாங்களாம். மாமா உங்களுக்கு எது வேணும்னு கேட்டா. கைப்பிடி போதும்மான்னேன். விழுந்துட்டா புல்லை வெச்சு என்ன பண்றது?"

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா ரெண்டையும் கேப்பே."

"கேக்கறதுதானே!"

எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். கோபம் போகவில்லை. யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. மாமனாரும் மருமகளும் சேர்ந்து ஒரு பார்க்கையே பேசி முடித்திருக்கிறார்கள், நான் ஜன்னலில் நின்று மண் லாரிக்குக் காத்திருந்தேன்.

மே 2, வெள்ளி

தலையாட்டி இன்று பார்க்கைப் பார்வையிட வருகிறார் என்று மகன் வாய்தவறிச் சொன்னான். பன்னிரண்டு மணிக்குக் கீழே போனேன். மருமகளும் ஆபீஸ் ஃபைலை அணைத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றாள்.

"ஷூவைக் கழட்டுங்க சார்" என்றேன்.

"என்னம்மா?"

"என் வீட்டுக்காரர் நின்ன இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்புறம் நான் வாயே திறக்கலை."

"அதெல்லாம் தரம் பாத்துத்தான்மா போட்டிருக்கு." தலை ஆடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

அப்போது மருமகள் ஃபைலை என் கையில் திணித்தாள். செருப்பை விட்டு இறங்கிப் பாயின் நடுவில் போய் நின்றாள். "சார், சுவரோரமா கீழ கட்டடம் இல்லை. வெறும் தரைதான். அங்க பதிச்ச சிமெண்ட் கல்லைப் பேத்துட்டு மண்ணு போடலாம். போன மாசமே எழுதிக் குடுத்தேன். மூணாவது பக்கம்."

"முதல்ல வெளிய வாம்மா நீ."

"நீங்க படிங்க சார்."

அவர் என் கையிலிருந்த ஃபைலை வாங்கிப் புரட்டினார். நிதானமாகப் படிக்கிறாராம்! இவள் காலைத் தூக்கவேயில்லை. முகம் மட்டும் வியர்த்தது. "கையெழுத்துப் போட்டுத் தொலைங்களேன்!" என்று கத்தினேன். அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. போட்டார்.

வீட்டில் வாளியில் தண்ணீர் வைத்தேன். காலை உள்ளே விட்டாள்.

"ஏன்டி, ஒரு தடவை காலைத் தூக்கிருந்தா என்ன?"

"தூக்கினா அவர் கிளம்பிப் போயிருப்பார் அத்தை."

இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு நான் பேசியது. அவளும் எண்ணியிருப்பாள்.

மே 19, திங்கள்

சுவரோரத்துச் சிமெண்ட் கல்லைப் பெயர்த்தார்கள். மண் வந்தது. முப்பதடி நீளம், இரண்டு முழம் அகலம். இவ்வளவு பெரிய பார்க்கில் நமக்கு வாய்த்தது இதுதான். சுவர்ப் பக்கமாகக் கைப்பிடி போகிறது, அது ஒன்று உருப்படி.

ஜூன் 9, திங்கள்

புல் பிடித்துவிட்டது. நிஜப் புல், அங்கங்கே சொட்டை. உடனே ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள்: "புல்லை மிதிக்காதீர்கள்."

இவர்களை என்ன செய்வது!

ஜூன் 10

போர்டைக் காணோம் என்று காவல்காரர் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் கட்டிலுக்கு அடியில் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கொப்புளம் ஆறிய தோல் கெட்டியாகிவிட்டது, இனி நடக்கலாம் என்றார் டாக்டர். காலையில் எட்டு தடவை போய் வந்தார். "எப்படி இருக்கு?" என்றேன். "வலது பக்கம் ஈரம். இடது பக்கம் ஒண்ணுமில்லை." நாளைக்கும் போகணும்.

ஜூலை 2

ஒண்ணுமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மூன்றாவது நடையில் "ஐயோ!" என்று நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"எறும்பு! கடிச்சிடுச்சு சனியன்!"

"எந்தக் கால்ல?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நானும் குனிந்தேன். இடது கால், சுண்டு விரல். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தட்டிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆபீஸ் நேரத்தில் போன் போடக்கூடாது என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். போட்டேன்.