ஞானஸ்நானத் தொட்டிக்கு ஒரு கெட்டில் வெந்நீர்

பொயானா,
ஜனவரி 21

அன்புள்ள ஒவிதியுவுக்கு,

இந்தக் குளிரிலும் நாங்கள் உறைந்துபோகாமல் சுகமாக இருக்கிறோம், நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று உன் தங்கை லியானாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்தது. குறைமாதத்தில் பிறந்தவன், நெஞ்சுச் சளி இப்போதுதான் குறைந்திருக்கிறது, குளிர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஜனவரியில் வேண்டாம் என்று நானும் தலைதலையாய் அடித்துக்கொண்டேன், அவள் கேட்டால்தானே. பிள்ளையை முழுக முக்க வெந்நீர் கொண்டுவருவது ஞானத்தகப்பன் பொறுப்பல்லவா, ஹொரியா ஒரே ஒரு கெட்டிலோடு வந்து நின்றான். "கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்திருக்கேன் வெத்தூரியாக்கா, கை வச்சா வெந்துடும்" என்று பெருமை வேறு. அதற்குள் கோயில்பிள்ளை செம்புத் தொட்டியில் அறுபது லிட்டர் கிணற்றுத் தண்ணீரை நிரப்ப, பாதிரியார் மந்திரித்தும் முடித்துவிட்டார். ஹொரியா கெட்டிலைக் கவிழ்த்தான், முழங்கையை விட்டுப் பார்த்தேன், எலும்பு வரை குளிர்ந்தது. முப்பது வருடம் டவுன் பொதுக் குளிப்பகத்தில் வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்தவள் நான், சும்மா இருப்பேனா. "எவ்வளவு சூடுன்னு பீத்திக்காதடா, எவ்வளவு தண்ணின்னு பாரு. அஞ்சு லிட்டர் சூட்ட அறுபது லிட்டர் பங்கு போட்டா லிட்டருக்கு என்ன மிஞ்சும்?" என்றேன். இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு வாளி கொதிநீர் ஊற்றினால்தான் பிள்ளையின் உடம்புச் சூட்டுக்கு வரும்.

ஆனால் தொட்டியில் இடம் வேண்டுமே, மந்திரித்த தண்ணீரைக் கீழே கொட்டவும் கூடாது. பாதிரியார் கையைப் பிசைகிறார், பிள்ளையின் துணியை அவிழ்த்தாயிற்று, லியானா அழுகிறாள். நான் திரும்பி, "தீர்த்தம் வேணுங்கறவங்க இப்பவே பிடிச்சுக்கங்க!" என்று கத்தினேன். நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா, பாட்டிலும் கையுமாகத்தான் வந்திருந்தார்கள், தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலி. பக்கத்து விருந்துக் கூடத்தில் சோளக்களிக்குக் கொதித்துக்கொண்டிருந்த உலையை இரண்டு பேர் தூக்கி வந்து ஊற்றினார்கள், நல்லவேளை உப்புப் போட்டிருக்கவில்லை. முழங்கைக்கு இதமாக இருந்தது, ஆனாலும், உன்னிடம் சொல்வதற்கென்ன, பயந்துதான் இருந்தேன். பாதிரியார் மூன்று முறை முக்கினார், பயல் அழவே இல்லை, மூன்றாவது முறை சுகமாக மூத்திரம் பெய்தான். அதுவும் அதே சூடுதானே, தண்ணீர் கூடியதே தவிர ஒரு டிகிரி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இன்று காலை நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன், சளிச் சத்தமே இல்லை, பசிக்கு அவன் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கிறது.

உன்னையும் பிள்ளைகளையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நான் பின்னி அனுப்பிய காலுறையைப் பெட்டியில் பூட்டாமல் போட்டுக்கொள். ஒன்றை மறக்காதே: பயலைத் தொட்டியிலிருந்து தூக்கிய பிறகுதான் ஹொரியா தீர்த்தம் பிடித்தான், நேற்றே அரை பாட்டில் குடித்துவிட்டான், அவனுக்கு எழுதும்போது வாயைத் திறந்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா வெத்தூரியா