கண் வரையாத நாய்க்குட்டி

என்னங்க,

நீங்க கப்பல்ல, போன் போகல. அதான் எழுதுறேன்.

நம்ம முகிலன் இன்னிக்குப் பாலர் பள்ளியில காகித நாய்க்குட்டி மடிச்சிருக்கான். சதுரமான வெள்ளைத் தாளை முக்கோணமாக்கி, ரெண்டு மூலையையும் காது மாதிரி மடக்கணும். வகுப்பிலேயே அவனோடதுதான் கச்சிதமாம். ஆனா கண்ணு வரையச் சொன்னா, தாளை விட்டுட்டு வெள்ளை மேசையில வரைஞ்சானாம்.

"தாள் தெரியலையாப்பா?"ன்னு டீச்சர் கேட்டிருக்காங்க. "எல்லாரும் தொட்டுப் பார்த்துத்தானே டீச்சர் மடிக்கிறாங்க?"ன்னானாம்.

நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

போன லீவுல பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுல தூண்ல முட்டிக்கிட்ட முகிலனை, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"ன்னு நீங்க... வேணாம். நானும் பக்கத்துல நின்னு சிரிச்சேன்.

உங்களுக்கும் ஒரு நாய்க்குட்டி மடிச்சு வச்சிருக்கான். கண்ணை மட்டும் நீங்க வந்து வரையணுமாம்.

அவனோட அம்மா