கரும்பு வேகனின் பத்து சென்டிமீட்டர்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குடை எடுக்காமல் கிளம்பி, மனைவியிடம் திட்டு.

மாதக் கூட்டம். இம்தியாஸ் பாய் வீட்டு மாடி, காஞ்சன்பாக். மொத்தமே மூன்று பேர், பெயர் மட்டும் நேரோ கேஜ் மாடல் சங்கம். ஊரில் மற்ற ரயில் பைத்தியங்கள் எல்லாம் எக்ஸ்பிரஸ் வண்டிகளின் மாடல் கட்டுகிறார்கள். நமக்கு இரண்டடி அகலத் தண்டவாளம், மலை ரயில், ஆலை வண்டி. பெரிய ரயிலைப் பார்த்து வாயைப் பிளக்கலாம். கொஞ்ச வேண்டுமென்றால் குட்டி ரயில்தான்.

குட்டி ரயில் மாடல்காரர்களுக்கான இதழ் வந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கடல் தாண்டி, மூவருக்கும் சேர்த்து ஒரே பிரதி. சங்கத்தின் சட்டம்: ஓரத்தில் பென்சிலால் மட்டும் எழுதலாம். சமோசா தின்ற கையால் தொடக் கூடாது. வரிசைப்படி முதலில் இ.பா., பிறகு ஸ்டெல்லா மேடம், கடைசியில் நான். கடைசி ஆள் என்பதில் வருத்தமில்லை. அவர்கள் இருவரும் ஓரத்தில் போட்ட சண்டையையும் சேர்த்துப் படிக்கலாம்.

நான் முதலில் புரட்டுவது பின்பக்கத் திருத்தங்களை. போன இதழ்ப் படத்தில் கதவு உயரம் அரை அங்குலம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர். அரை அங்குலத்துக்கு! எங்கள் பேகம்பேட் ஆபீசில் ஃபைலையே தொலைத்தவன் கூட வாய் திறப்பதில்லை. இந்த மனிதர்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பெரிய சேதி: அடுத்த இதழின் நடுப்பக்கம் ஸ்.மே. வரைந்த படம். மூடிக்கிடக்கும் சர்க்கரை ஆலையில் தனியாக நின்ற கரும்பு வேகன். போன மாதம் இவரே போய் அளந்து வரைந்தது. ப்ரூஃப் வந்துவிட்டது. வெள்ளிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூடத்தில் இயந்திரப் படம் வரைகிற அம்மாள், தூத்துக்குடிக்காரர், எதற்கும் அலட்டாதவர். இன்று போனை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்தார்.

"நடுப்பக்கம்லா சார்! எத்தனை வருசமா மத்தவங்க படத்தப் பாத்து பெருமூச்சு விட்டிருப்பேன்."

இ.பா. கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். "ஹவ், ஆமா மேடம், ஒண்ணாம் நம்பர். எனக்கு வயித்தெரிச்சல், ஒத்துக்கறேன்."

எனக்கும்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

மழை. ஆபீஸ். மத்தியானச் சாப்பாடு எலுமிச்சை சாதம், உப்பு மறந்து.

ஸ்.மே.க்குத் தெரியாத விஷயம்: அவர் எனக்குக் கொடுத்த படத்தின் நகலை வைத்து அதே வேகனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதழ் வரும் அன்று கையில் கொடுப்பதாகத் திட்டம். உடல், பக்கக் கம்பிகள், கொக்கி, எல்லாம் முடிந்தது. இன்று சக்கரம்.

எப்பேர்ப்பட்ட படம்! ஒவ்வொரு ஆணித்தலையும் இருக்கிறது. ஒரு கம்பி வளைந்திருக்கிறது என்றால் வளைந்ததை வளைந்ததாகவே போட்டிருக்கிறார். நானாக இருந்தால் நேராக்கியிருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

வாங்க வேண்டியது: சூப்பர் க்ளூ, தலைவலித் தைலம், கொத்தமல்லி.

பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடவில்லை. இரண்டு மி.மீ. இடைவெளி. என் கைதான் கோணல் என்று பிரித்து மறுபடி ஒட்டினேன். அப்படியே. மூன்றாம் தடவை சந்தேகம் வந்து, அவர் ஆலையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் கட்டை சக்கரத்தோடு ஒட்டி நிற்கிறது.

புரிந்தது.

டேப்பின் நுனிக் கொக்கி எப்போதும் கொஞ்சம் ஆடும். அதை நம்பாமல், பத்து செ.மீ. கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, பிறகு பத்தைக் கழிப்பது அவர் பழக்கம். எங்களுக்கும் அவர் பழக்கியது. முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலான தூரத்தில் மட்டும் கழிக்க மறந்திருக்கிறார். பத்து செ.மீ. ஐம்பதில் ஒரு பங்காகக் கட்டும் எங்கள் அளவில் அதுவே இரண்டு மி.மீ. ஒழுங்காக அளப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அரைகுறையாக அளக்கிறவன் பூஜ்யத்திலிருந்து அளந்து தப்பித்திருப்பான்.

சொல்வதா? நடுப்பக்கம். அந்த முகம். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இவளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே, "பத்து சென்டிமீட்டருக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? போன் பண்ணி சொல்லித் தொலைங்க."

சொல்லவில்லை. நாளைக்கு.

ஜூலை 9, புதன்

மழை விட்டது. புழுக்கம்.

ஆபீஸ் முடிந்து நேராகத் தார்நாகா. வேகனைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். மேஜையில் வைத்ததும் ஸ்.மே. முகம் மலர்ந்தது. பிரேக்கை மட்டும் விரலால் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். எழுந்து போய் போட்டோவைத் திறந்தார்.

"நாந்தான் சார். கழிக்கல."

"பத்தைக் கழிச்சிட்டா முடிஞ்சுது மேடம். இன்னிக்கே திருத்தி அனுப்பிடலாம்."

"அது எப்படி சார்? கழிச்சு போட்டா அது கணக்குலா, அளவு இல்ல. படத்துக்குக் கீழ அளந்து வரைந்ததுன்னு எம்பேரு இருக்கு."

"ஒரே நாள்தான் இருக்கு."

"நாளைக்குப் போறேன். நீங்க வாறியளா?"

கோபம் இல்லை, சாக்கு இல்லை. மழை, அவசரம், வாட்ச்மேன் என்று எதன்மேலும் பழி போடவில்லை. என்ன பெண்மணி இவர்! இ.பா.வுக்குப் போன் செய்தேன். "கைக்கு டென்ஷன், எதுக்கு? என் வண்டியில போலாம். காலைல நாஷ்டா வழியில."

ஜூலை 10, வியாழன்

வயிற்று வலி என்று லீவு. முகத்தில் அடிக்கும் வெயில். வழியில் இட்லி, வடை, இ.பா.வின் பழைய பாட்டுகள். நான்கு மணி நேரம்.

ஆலை வாசலில் வாட்ச்மேன். வேகன் என்றதும் கையை விரித்தார். "மொன்னனே லாரீ வச்சிந்தி மேடம்." முந்தாநாளே லாரி வந்து பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விட்டதாம். முந்தாநாள் செவ்வாய். நான் வீட்டில் உட்கார்ந்து சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாள். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நக்கோ மேடம், விடுங்க," என்றார் இ.பா. "பத்தைக் கழிங்க. ஆண்டவன் மன்னிப்பான்."

ஸ்.மே. உள்ளே நடந்தார். நாங்களும் பின்னால். புல், முள், வேகன் நின்ற இடத்தில் வெறும் தண்டவாளம். மண்ணில் புதைந்து கிடந்ததால் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். அதுவும் சனிக்கிழமை பெயர்க்கப் போகிறார்களாம். அவர் அதன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். அழுகிறார் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சார், இங்க வாங்க. இதத் தடவிப் பாருங்க."

தடவினேன். தண்டவாளம் பூராவும் துரு, செதில் செதிலாக. ஓரிடத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு வழவழப்பு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எதிர்த் தண்டவாளத்திலும் இரண்டு. வருடக்கணக்காக அசையாமல் நின்ற சக்கரங்கள் துருவை உள்ளே விடவில்லை. வண்டி போய்விட்டது, அது நின்ற இடம் போகவில்லை.

நான் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் நடந்துபோனேன், செருப்பில் குத்திய முள்ளைப் பார்த்துக்கொண்டு.

டேப்பின் ஒரு முனை நான். அம்மாள் மறுபடியும் பத்திலிருந்தே வைக்கச் சொன்னார்!

"மேடம், கழிக்கணும்!"

"தெரியும் சார், கத்தாதிய. இந்தத் தடவ இங்கயே கழிச்சு எழுதுதேன்."

இரண்டு பக்கமும் அளந்தோம். இரண்டும் ஒன்றே. படத்தில் இருப்பதைவிடச் சரியாகப் பத்து குறைவு. இ.பா. வாட்ச்மேனையே கட்டிப்பிடித்துவிட்டார். அவர் பயந்துபோனார்.

திரும்பும் வழியில் ஸ்.மே. முன் சீட்டில் தூங்கிவிட்டார். இ.பா. பாட்டை நிறுத்தினார்.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். ஆபீசில் ஆடிட், ஒன்றும் ஓடவில்லை. இவள் கேட்டாள், "வயித்து வலி எப்படி இருக்கு?" கிண்டல்.

சாயங்காலம் ஸ்.மே. போன். திருத்திய படத்தை அனுப்பிவிட்டாராம். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: சக்கர இடைவெளி தண்டவாளத்தில் இருந்த தடத்திலிருந்து அளந்தது, வண்டி இப்போது இல்லை. ஆசிரியர் உடனே பதில் போட்டிருக்கிறார், அந்த வரியும் அச்சில் வரும் என்று.

"அப்புறம் என்ன மேடம், கொண்டாட வேண்டியதுதானே?"

"இப்பதான் பயமா இருக்கு சார். அனுப்புற வரைக்கும் இல்ல."

"ஏன்?"

"இனிமே அந்த வண்டி அந்தத் தாள்ல மட்டும்தான இருக்கு? நீங்க சொல்லாம இருந்திருந்தா, அது எப்பவும் தப்பான வண்டியாவே இருந்திருக்கும்லா."

செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் அதுவரை சொல்லவில்லை. இப்போது சொன்னேன். "சரி சார். புதன்கிழமை சொன்னியல்லா," என்றார்.