அத்தை மகள் கேட்ட இடம்

ஹவேலு,
தொங்கா.

அன்புள்ள லுபே மதினிக்கு,

உன் மாமன் மகள் ஆனாசீனி எழுதுவது. கர்த்தர் கிருபையால் வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா உனக்கென்று, விசேஷத்துக்கு உடுப்பின் மேல் சுற்றிக்கொள்ள ஓர் இடுப்புப் பாய் பின்னிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இஷ்டமில்லை என்றேன், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் ஆடுகளத்தைப் பார்த்தால் உனக்கு இப்போது அடையாளம் தெரியாது. பவளக்கல்லை நொறுக்கிப் போட்டு நாம் மிதித்துக் கெட்டிப்படுத்திய இடத்தில் சிமென்ட் போட்டுவிட்டார்கள். பன்றிகள் மட்டும் பழைய பாசத்தில் வந்து நடுவட்டத்தில் படுத்துக்கொள்கின்றன. பாவாடை குட்டை என்று நம்மை முறைத்த போதகர், இன்று முன்வரிசையில் உட்கார்ந்து நடுவரைத் திட்டுகிறார். ஊருக்கு ஊர் நெட்பால் அணி வந்துவிட்டது.

செய்தித்தாளில் உன் படம் பார்த்தேன். வேறு நாட்டு அணியின் உடை. நம் பயிற்சியாளர் ஃபூசிதான் கொண்டுவந்து நீட்டினாள். "பாருடி, உன் அத்தை மக எவ்வளவு நல்லா சிரிக்கிறா" என்றாள்.

அணித் தேர்வு நாள் உனக்கு நினைவிருக்கிறதா? நம் நாட்டு அணி ஆக்லாந்து போவதற்கு, கோல் போடுகிறவள் இடத்துக்கு என் பெயரைத்தான் வாசித்தார்கள். நீ என் தோளில் கை வைத்து, "அத எனக்குக் குடுத்துருடி" என்றாய். அப்பாவின் அக்காள் மகள் கேட்டால், இல்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? சின்ன வயதில் என் புதுப் பாயை எடுத்துக்கொண்டாய், என் பிறந்தநாள் பன்றிக்குட்டியை எடுத்துக்கொண்டாய். உன் உரிமை. இதையும் கொடுத்தேன். "நம்ம நாட்டுக்குத்தானே ஆடப்போறேன், அழாத" என்றாய். அதை நம்பினேன், மதினி. அணி திரும்பி வந்தது, நீ வரவில்லை; அந்த நாட்டு அணியிலேயே சேர்ந்துவிட்டாய். என்னிடம் கேட்டு வாங்கிய இடத்தை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டாய். வேண்டாமென்றால் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாமே! நீ செய்தது துரோகம். வேறு பேர் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் கோல் காக்கிறேன். முன்பெல்லாம் பயிற்சியில் உன்னைத் தடுக்க நிறுத்தினால் எனக்குக் கையே எழும்பாது. முறையில் உயர்ந்தவள் தலைக்கு மேல் கை தூக்கலாமா? "இவ தடுக்க நிக்கிறாளா, கும்பிட நிக்கிறாளா?" என்று எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே நிதானமாகப் பந்தை வளையத்தில் போடுவாய்.

அடுத்த மாதம் உன் அணி இங்கே ஆட வருகிறது. "லுபே முன்னாடி கைய அடக்கி நில்லு. முறை தெரிஞ்ச பொண்ணு நீ" என்று அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஃபூசியோ, "உன்ன விட்டா அவ உயரத்துக்கு வேற யாருடி இருக்கா?" என்கிறாள்.

வீட்டுக்கு வா. விருந்தில் பன்றியின் முதுகுத் துண்டு முறைப்படி உனக்குத்தான். அம்மா பின்னிய பாயை நானே உன் மடியில் வைப்பேன். ஆனால் ஆடுகளத்தில், விதிப்படி மூன்றடி தள்ளி நின்று, உன் தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்குவேன். அப்போது மட்டும் என் பேரைச் சொல்லிப் பந்தைக் கேட்டுவிடாதே மதினி. நீ கேட்டால் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கர்த்தர் உன் கால்களைக் காப்பாராக.

உன்
ஆனாசீனி